தெரியிலை என்னும் மூலிகை

ஒரு காட்டில் ஒன்பது வருடமாகத் தற்காலிக அறிவியல் ஆசிரியராகவே ஒரு கொக்கு காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. காட்டுவாசிகளின் மூலிகை அறிவைப் பாடத்தில் சேர்க்க வேண்டும். ஒரு மூலிகையாவது திரட்டித் தரும் ஆசிரியருக்குப் பணி நிரந்தரம். படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

கொக்கு நேராகக் காட்டுப்பன்றி குருவம்மாவிடம் போனது. யாருக்கு வெட்டுக்காயம் என்றாலும் ஓடைக்கரைச் செடி ஒன்றின் இலையை மென்று அப்பி, மூன்றே நாளில் ஆற்றிவிடுவாள். அன்றைக்கு ஓர் உடும்பின் வாலுக்கு அப்பிக்கொண்டிருந்தாள்.

“இந்தச் செடிக்குப் பேர் என்னங்க?”

“தெரியிலைங்க வாத்தியாரே” என்றாள், வாய் நிறைய இலையோடு.

கொக்கு ‘தெரியிலை’ என்று குண்டு குண்டாக எழுதிக்கொண்டது. இலை என்றே முடிகிறதே, மூலிகைக்கு என்ன பொருத்தமான பெயர்!

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“தின்னேனுங்க, கசந்துச்சு. துப்பினேன், புண்ணு மேல விழுந்துச்சு. ஆறிப்போச்சு.”

‘சோதனை முறையில் கண்டறியப்பட்டது’ என்று அடுத்த கட்டம் நிரம்பியது.

பாடம் அச்சாகி, ஆய்வாளர் யானை வகுப்புக்கு வந்தார். துதிக்கையில் அந்த இலையைத் தூக்கிப் பிடித்து, கடைசி வரிசை முயலிடம், “இது என்ன?” என்றார்.

புத்தகத்தைத் திறந்தே பார்க்காத முயல் தலையைச் சொறிந்தது. “தெரியிலைங்க.”

“சபாஷ்! அடுத்து?”

“தெரியிலைங்க.”

இருபத்தேழு பேரும் அதையே சொன்னார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி.

கொக்குக்கு மட்டும் அப்போதுதான் உறைத்தது. முயல் இழுத்த அதே இழுவையில்தான் குருவம்மாவும் சொல்லியிருந்தாள்.

“தகவல் தந்த அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உங்கள் ஆணையில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்” என்று யானை கிளம்பினார். கொக்கு முந்திப் பறந்தது.

“தாயே, கேட்டா அந்தச் செடி பேரு தெரியிலைன்னு சொல்லிடுங்க!”

“அதைத்தானுங்களே அன்னைக்கும் சொன்னேன்.”

“ஐயோ, அதுதான் பேருன்னு சொல்லணும். அச்சாகிப்போச்சு. என் பொழப்பே போயிடும்!”

“தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேச எனக்கு வராதுங்க. நெசத்தைத்தான் சொல்லுவேன்.”

அதற்குள் யானை வந்துவிட்டார். “அம்மா, இந்தச் செடிக்குப் பேர் என்ன?”

கொக்கு கண்ணை இறுக மூடிக்கொண்டது.

“சத்தியமாத் தெரியிலைங்க.”

“ஆகா, சத்தியம் செய்தே சொல்கிறாரே!” யானை நெகிழ்ந்துபோய், அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை செடியைச் சுற்றி முள்வேலி முளைத்தது. ‘அறிவியல் மாணவர் பார்வைக்கு மட்டும்’ என்று பலகை. குருவம்மா ரத்தம் சொட்டும் மான் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்து வேலிக்கு வெளியே நின்றாள்.

“ஒரே ஒரு இலை பறிச்சுக் குடுங்க வாத்தியாரே.”

“விண்ணப்பம் கொடுத்துட்டுப் போங்கம்மா. பரிசீலிக்கிறோம்” என்றார் கொக்கு. நிரந்தரப் பணியில் இருப்பவரை இனிமேல் ‘அது’ என்று எழுத முடியாது.

நீதி: உண்மை பேசினால் நிச்சயம் நல்லது நடக்கும், யாருக்கு என்றுதான் சொல்ல முடியாது.