ஈயப் பொம்மைகளும் தூய காற்றுக் கேடயமும்

“தகட்டை யார் சார் துடைச்சது?”

“நான்தான் துடைக்கச் சொன்னேன். அழுக்கா இருந்துச்சு.”

“அழுக்காகணும்னுதான் சார் அதை வச்சேன்.”

கலைச்செல்வங்களைக் காற்றின் கொடுமையிலிருந்து மீட்கும் மாபெரும் பணி, இவ்வளவு உரத்த குரலில்தான், எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே தொடங்கியது. அருங்காட்சியகக் கிடங்கின் பின்ஜன்னலுக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்துதான். நான் ஒட்டுக் கேட்பதில்லை. காது அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டவர் அருங்காட்சியகப் பொருட்களைப் பராமரிக்கும் வேதியியல் மேடம். பதில் சொன்னவர் இயக்குநர்.

விஷயம் இதுதான். கிடங்குக்கு ‘நவீன’ அலமாரிகள் வந்திருந்தன. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகை. செய்துகொடுத்தவர் இயக்குநர் மனைவியின் தம்பி. இது முழுக்க முழுக்கத் தற்செயல் என்று இயக்குநர் வீட்டம்மாவே என்னிடம் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

கதவைத் திறந்தால் அந்த அலமாரிகளிலிருந்து புளித்த வாடை வீசும். அந்த ஆவி ஈயத்தை அரிக்குமாம். உள்ளே இருந்ததோ பழங்காலத்து ஈயப் பொம்மைக் குடும்பம்: அப்பா, அம்மா, கயிறு தாண்டும் சிறுமி, ஒரு நாய். உடைந்து கிடந்தவற்றைப் பூதக்கண்ணாடி வைத்து ஒட்டியெடுத்தவர் வேதியியல் மேடம். அதனால் அலமாரிக்கு ஒன்றாகப் பளபளப்பான ஈயத் தகட்டைத் தொங்கவிட்டார். காற்று கெட்டால் முதலில் தகடு வெளுக்கும். அதைப் பார்த்துப் பொம்மைகளைக் காப்பாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு.

தகடு வெளுத்தது. ஆனால் தலைமை அலுவலகத்தார் ‘தூய காற்றுக் கேடயம்’ கொடுக்க வரவிருந்த நேரம் அது. வெளுத்த தகடு பார்வைக்கு நன்றாகவா இருக்கும்? தொலைநோக்குள்ள நம் இயக்குநர், துப்புரவு அக்காவிடம் துணியைக் கொடுத்துத் தினமும் துடைக்கச் சொன்னார். ‘தகடுகள் பளபளக்கின்றன, எனவே காற்று தூய்மையாக உள்ளது’ என்று அறிக்கையும் எழுதினார்.

என்ன ஒரு அறிவியல். நானும் வீட்டில் கடைப்பிடித்தேன். தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தேன். மகனுக்குக் காய்ச்சல் போயே போய்விட்டது. அவன் மட்டும் ஏனோ முனகிக்கொண்டே இருந்தான்.

மேடம் விடவில்லை. ‘காற்றுத்தர உயர்நிலைக் குழு’ கிடங்கிலேயே கூடியது. இயக்குநர் தலைவர், மச்சினன் ‘மர வல்லுநர்’. மேடம் அந்தச் சிறுமி பொம்மையை மேசைமேல் வைத்தார். மூக்கில் மாவு பூத்தாற்போல் வெள்ளை. அலமாரியை மாற்ற வேண்டாம், பொம்மைகளை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

மச்சினன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வயசாயிடுச்சு மாமா. நரைச்சிருக்கு.”

குழு சிரித்தது.

“இது நரை இல்லைங்க, அதோட உடம்பு,” என்றார் மேடம். “உங்க பலகை அதைத் தின்னுக்கிட்டு இருக்கு.”

“தகடு நல்லாத்தானேம்மா இருக்கு?” என்றார் இயக்குநர்.

“அதைத்தான் துடைச்சிடறீங்களே சார்.”

இயக்குநர் கண்களை மூடி யோசித்தார். பெரிய முடிவுகள் அவருக்கு அப்படித்தான் வரும்.

“அப்போ பொம்மையையும் துடைச்சிடுவோம்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மேடத்தின் மனம் கணக்கில் வரவில்லை, அவர் ‘சிறப்பு அழைப்பாளர்’ என்பதால்.

துடைக்கத் துடைக்க வெள்ளைப் பொடி துணியோடு வந்தது. மறுபடி பூத்தது; மறுபடி துடைத்தார்கள். துப்புரவு அக்கா ஜன்னல் வழியே எனக்குச் செய்தி சொல்வார். முதலில் சிறுமியின் கயிறு போனது. பிறகு விரல்கள். ஒருநாள் முகம் வாடி வந்து நின்றார். “இன்னைக்கு நாய்க்குக் காது போச்சுக்கா. மேடம் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. நான் என்ன செய்ய, சொன்னதைச் செய்யிறேன்.”

தலைமை அலுவலகத்தார் வந்தார்கள். தகடுகளைப் பார்த்து மெய்சிலிர்த்தார்கள். ஒரு அதிகாரி மட்டும் சிறுமியைக் கையில் எடுத்து, இது என்ன, கூழாங்கல்லா என்று கேட்டுவிட்டார். அந்தக் காலத்துக் கலைஞர்கள் முகத்துக்கெல்லாம் மெனக்கெட மாட்டார்கள் என்று இயக்குநர் விளக்கினார். கைதட்டல். கேடயம்.

வேதியியல் மேடம் மறுவாரமே வேலையை விட்டார். கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு துறைமுக ஊர் ஒன்றுக்குப் போய்விட்டார். இயக்குநர் பதவி உயர்ந்து தலைநகருக்கே குடிபோனார்.

மச்சினனுக்கும் கல்யாணம் ஆனது. அடுத்த தெருவில்தான் புதுக்குடித்தனம். சாமான் இறங்கும்போது தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். கட்டில், பீரோ, தொட்டில் வரை எல்லாமே இரும்பு. ஊருக்கே பலகை அலமாரி செய்கிறவர் வீட்டில் ஒன்றுகூட இல்லையே, ஏன் தம்பி என்று கேட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பலகையா? குழந்தை பொறக்கப்போற வீடு அக்கா இது.”