சுமோ நேரத்தில் நாலாயிரம் அடி

"எங்க வீட்ல ரெண்டு பெரிய சாமான் இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, அக்கா. ஒண்ணு சாய்வு நாற்காலி. இன்னொண்ணு அதுல படுத்திருக்கு."

எங்கள் தெருப் பொதுக் குளியல் மண்டபத்தில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதுவும் கூரையைத் தொடாது. என் மனைவி கசுயேயின் குரல் அந்தச் சுவரைத் தாண்டி வந்து, வெந்நீரில் கழுத்துவரை கிடந்த என் காதில் விழுந்தது. பின்னாலேயே எதிர்வீட்டு நிஷிமோரி அக்காவின் சிரிப்பு. என்னோடு தொட்டியில் இருந்த நாலு ஆண்கள், என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

முப்பத்தெட்டு வருஷம் ஓடும் ரயிலில் நடந்தவன் நான். டிக்கெட் பரிசோதகர். ஓய்வு பெற்று எட்டே மாதம். என்னையா சாமான் என்கிறாள்?

வீடு திரும்பும் வழியிலேயே அறிவித்தேன்.

"நாளையிலேருந்து தினம் பத்தாயிரம் அடி நடக்கப்போறேன். ஒரு மாசம்."

"யாரு?"

"நான்தான்."

"நடந்தா நாற்காலி வீட்ல இருக்கட்டும். ஒரு நாள் ஏமாத்தினாலும் நகராட்சி வண்டி வந்து பழைய மேஜை, கட்டில்னு பெரிய குப்பை எடுக்கற அன்னிக்கு அதை வெளியே அனுப்பிடுவேன். சம்மதமா?"

"எழுதிக் கொடுக்கட்டுமா?"

"வேண்டாங்க. அடி எண்ணுற பெட்டி ஒண்ணு வாங்குவோம். அது சொல்லட்டும்."

மறுநாள் கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் இரண்டு பெடோமீட்டர்களை எடுத்து வைத்தான். ஒன்று அன்றைய கணக்கை மட்டும் காட்டும். மற்றது எந்த மணியில் எத்தனை அடி என்று பதினாலு நாளுக்கு நினைவு வைத்திருக்கும்.

"சாதாரணமானதே போதும். இவ்வளவு பெரிய கருவியெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றாள் கசுயே.

அந்த 'உங்களுக்கு' என்னைச் சுட்டது. பெரியதையே வாங்கினேன்.

இடுப்பில் மாட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தேன். நடையா அது! வாத்துகள்கூட ஒதுங்கி வழிவிட்டன. இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியைப் பார்த்தால், மூவாயிரத்துச் சொச்சம். இருட்டும்வரை மறுபடி நடந்துதான் பத்தாயிரத்தைத் தொட்டேன்.

"பெட்டி நிமிர்ந்து நிக்கணும்ங்க. உங்க வயிறு அதைப் படுக்கப் போட்டுடுது," என்றாள் கசுயே.

"மத்தவங்களுக்கு வயிறு இல்லையா?"

"இருக்கு. பெல்ட்டுக்கு உள்ளே இருக்கு."

இரண்டு வாரம் இப்படியே போனது. பத்தாயிரத்துக்கு இருபதாயிரம் நடந்தேன். மூன்றாவது வாரம் சுமோ போட்டிகள் தொடங்கின. தினமும் சாயங்காலம் டிவியில் வரும். கசுயே அந்த நேரத்தில் ஹவாய் நடன வகுப்புக்குப் போய்விடுவாள். நான், டிவி, நாற்காலி. வேறு யாரும் இல்லை.

பெட்டியைக் காலுறையில் மாட்டினேன். அங்கே வயிறு குறுக்கே வராது. சாய்ந்து உட்கார்ந்து காலை ஆட்டினேன். அடடா! என்ன சுறுசுறுப்பாக எண்ணியது! கடைசி மோதல் முடிவதற்குள் நாலாயிரம். இதை ஏமாற்று என்று சொல்லாதீர்கள். வயிறு திருடிய அடிகளைத்தான் கால் மீட்டுக் கொடுத்தது.

முப்பதாம் நாள் வந்தது. நானே நிஷிமோரி அக்காவைச் சாட்சிக்கு அழைத்தேன். நல்ல நாளுக்கு ஆக்கும் சிவப்புப் பயறு சோற்றைக் கசுயே பரிமாறினாள். பெட்டியை மேஜை நடுவில், வெற்றிக் கோப்பையை வைப்பதுபோல வைத்தேன்.

"பத்தாயிரத்துப் பன்னிரண்டு! முப்பது நாளும் இப்படித்தான்!"

"பிரமாதம்ங்க," என்றாள் கசுயே. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பொத்தானை அமுக்கினாள். "இதுல பதினாலு நாளும் இருக்கும்னு அந்தப் பையன் சொன்னானே. பாருங்க அக்கா, நேத்து அஞ்சு மணியிலேருந்து ஆறுக்குள்ள நாலாயிரத்து இருபது. முந்தாநாள் அதே நேரம் நாலாயிரத்து நூறு."

"சாயங்கால நடை," என்றேன் கம்பீரமாக.

"பாவம், உங்களுக்குப் பிடிச்ச சுமோவைக்கூட விட்டுட்டு நடந்திருக்கீங்க. நேத்து ஜெயிச்சது அந்தக் குள்ளனாமே? வெறும் அதிர்ஷ்டம்னு வகுப்புல பேசிக்கிட்டாங்க."

"அதிர்ஷ்டமா! யாரு சொன்னது?" நான் எழுந்தே விட்டேன். "அவன் எப்படிக் குனிஞ்சான் தெரியுமா? இடது கையை உள்ளே விட்டு இடுப்புத் துணியைப் பிடிச்சான் பாரு, இப்படி! பெரியவன் ரெண்டு தடவை உதறினான். இவன் விடலையே! அப்படியே திருப்பி, மேடைக்கு வெளியே..."

நிஷிமோரி அக்கா கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"டிவியைத் தூக்கிக்கிட்டா ஆத்தங்கரையில நடந்தீங்க?" என்றாள் கசுயே.

நான் உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?"

பெரிய குப்பை எடுப்பது மறுநாள் காலை. அதில் ஒட்டவேண்டிய நகராட்சிக் கட்டணச் சீட்டு அலமாரியில் தயாராகவே இருந்தது. நாலு மாடி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாற்காலியை நான் ஒருவனே முதுகில் சுமந்து இறக்கினேன். ஒரு படியில்கூட இறக்கி வைக்கவில்லை. ஒரு மாதம் முன்பு இது என்னால் முடிந்திருக்குமா? மூன்றாம் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்து, "அடேயப்பா, ஒகுனோ ஐயா!" என்றார். அந்த வார்த்தையோடு மேலே ஏறி வந்தேன். மூச்சுகூட வாங்கவில்லை.

மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் இரண்டு ஆட்கள், ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடியோடு.

"நடனம் ஆடிப் பார்க்கறதுக்குன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. எங்கே வைக்கணும்?"

கசுயே உள்ளிருந்து, "அந்த மூலை காலியா இருக்கு பாருங்க, அங்கேதான்!" என்றாள்.

கண்ணாடி நாற்காலி இருந்த இடத்தில் அங்குலம் பிசகாமல் பொருந்தியது. அவர்கள் நீட்டிய சீட்டைப் படித்தேன். ஆர்டர் கொடுத்த தேதி, நாங்கள் பெடோமீட்டர் வாங்கிய அதே நாள்.

"சாமான் வாங்கினதுக்குக் கையெழுத்தா வீட்டுத் தலைவர் முத்திரை ஒண்ணு வேணும், ஐயா."

முத்திரையை எடுத்து வந்து குத்திக் கொடுத்தேன்.