காற்றுக்கு வந்த மூலம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. அதற்கடுத்த பெரிய கண்டுபிடிப்பு எங்கள் 'நகரக் காற்று மாசு மூலம் கண்டறியும் உயர்மட்டக் குழு'வினுடையது என்பதை, அதன் செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

குழுவுக்குச் சொற்சிக்கனம் உண்டு. 'மூல நிபுணர் ஒருவரை அனுப்புக' என்று சுகாதாரத் துறைக்கு எழுதினோம். அனுப்பினார்கள். வந்தவர் மூல நோய் அறுவை மருத்துவர்.

"தப்பான இடத்துக்கு வந்துட்டேன் போலிருக்கே" என்றார்.

"பரவாயில்ல, உக்காருங்க டாக்டர். கூட்டம் நடத்தக் கோரத்துக்கு ஒரு ஆள் குறையுது" என்றார் தலைவர்.

விஷயம் சின்னதுதான். பெயின்ட் ஆலையின் பின்சுவரை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு. என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். ஆலைதான் 'மூலம்' என்று குழு அறிவித்தால், வடிகட்டி மாட்டும்வரை ஆலை மூடிக்கிடக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் பிள்ளைகள் தொடர்ந்து மூச்சிரைக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆலை மேலாளர் 'சிறப்பு அழைப்பாளர்'. தலைவருக்குப் பக்கத்து நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் ஆலைப் புகை உள்ளே வரும் என்பதால் எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு விவாதத்தைத் தொடங்கினோம். பள்ளிக்கூடக் காற்றில் அளவுக்கு மீறி இருந்தவை இரண்டு: மூச்சைக் கெடுக்கும் ஓசோன் வாயு, நுண்துகள்; முதலில் ஓசோன்.

"எங்க புகைபோக்கியில ஓசோன் வருதான்னு யார் வேணும்னாலும் ஏறிப் பாக்கலாம். துளிகூட வராது" என்றார் மேலாளர்.

"அப்ப எங்கேருந்துதான் வருது?" என்றார் தலைவர்.

காற்று ஆய்வாளர் எழுந்தார். "புகையும் பெயின்ட் ஆவியும் வெயில்ல சேரும்போது ஓசோன் உண்டாகுது சார்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்ப மூலம் வெயில்! எழுதிக்குங்க."

"சார், புகை இல்லாட்டி..."

"வெயில் இல்லாட்டி உண்டாகுமா?"

"ஆகாது சார்."

"அவ்வளவுதான். உக்காருங்க."

சூரியனிடம் விளக்கம் கேட்பதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். முகவரி மட்டும் நிலுவையில் இருக்கிறது.

அடுத்தது நுண்துகள். "புள்ளைங்க மைதானத்துல ஓடுறாங்கள்ல, அந்தத் தூசிதான்" என்றார் மேலாளர். பிள்ளைகள் ஓடுவதற்குத் தடை விதிக்கத் தீர்மானம் தயாரானது. நான் எழுந்தேன்.

"சார், என் பொண்ணால நாலடிகூட ஓட முடியல. படியேறினாலே இரைக்குது."

"பாத்தீங்களா!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "தீர்மானம் போடுறதுக்கு முன்னாடியே அமலுக்கு வந்துடுச்சு. செயலாளர் வீடுன்னா சும்மாவா?"

எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் மட்டும் தட்டவில்லை.

"என்ன டாக்டர், நீங்க ஒண்ணுமே சொல்லலையே?" என்றார் தலைவர்.

"என்கிட்ட வர்றவங்களும் இப்படித்தான்" என்றார் டாக்டர். "மூலம் எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும். காட்டத்தான் கூச்சம். ஆனா வலி தாங்காம ஒரு நாள் காட்டிடுவாங்க."

"அப்ப நாங்களும் ஒரு நாள் காட்டிடுவோம்னு சொல்றீங்க!" என்று தலைவர் சிரித்தார்.

"மாட்டீங்க" என்று டாக்டர் எழுந்தார். "மூலம் உங்க பக்கத்துல உக்காந்திருக்கு. வலி மட்டும் இவரு பொண்ணுக்கு இருக்கு."