சுவரைப் பார்த்த மீன்

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் பொருளை விற்க மறுத்தே கடை நடத்தியவர் எங்கள் சாடி அக்கா ஒருவர்தான். சீனப் பெண்மணி. தமிழ்க் கடைகளுக்கு நடுவே பீங்கான் கடை வைத்திருந்தார். அவருடைய உண்மைப் பெயரை எங்கள் ஆட்கள் எவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. எங்களிடம் பொறுக்கிய தமிழில் அவருக்கு மிகப் பிடித்த சொல் ‘ஏலாது’.

அந்தக் கடையில் காசு மட்டும் போதாது. சாடியில் வரைந்திருக்கும் கதையைக் கேட்டு, திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும். குடை வைக்கச் சாடி கேட்ட ஒரு ஜெர்மன்காரரை அக்கா வாசல்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். கதை தெரியாதவனுக்கு அது வெறும் மண் என்று என்னிடம் பொருமினார்.

நான் விடுவேனா? கெண்டை மீன் ஆற்றை எதிர்த்து நீந்தி, அருவிக்கு மேலேயுள்ள வாசலைப் பாய்ந்து கடந்தால் டிராகனாகிவிடும். இந்தக் கதையைப் பிசகாமல் ஒப்புவித்து ஒரு நீலச் சாடியை வென்றுவந்தேன்.

புதுவீடு குடிபுகுந்த அன்று எங்கள் பித்தளைக் குடம் எந்தப் பெட்டியில் கிடந்ததோ, அகப்படவில்லை. மனைவி அந்தச் சாடியில் தண்ணீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து நிறைகுடமாக்கிவிட்டாள். பிறகுதான் மீன் கண்ணில் பட்டது. மரக்கறி நாளில் வாசலில் மச்சமா? மீனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

எனக்கோ வேறு கவலை. தாதி வேலைக்கான ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியின் கடைசிச் சோதனையில் மகள் தவறியிருந்தாள். இனி எழுதமாட்டேன் என்று சொல்லி, சொந்தக்காரர் முகத்தில் முழிக்கக் கூச்சப்பட்டு, சமைக்கும் சாக்கில் குசினிக்குள் ஒளிந்திருந்தாள். மூன்று வருடப் படிப்பு வீணாகப் போகப்போகிறதே என்று நான் வெந்துகொண்டிருந்தேன்.

அக்கா வந்தார். வெறும் முதுகைக் காட்டி நின்ற சாடியைப் பார்த்தார். சபையே பார்த்திருக்க, நிறைகுடத்தைக் கட்டிப்பிடித்து அப்படியே திருப்பினார். நிறைகுடத்தை அசைக்கக்கூடாதென்று அண்ணி பதறினார்.

"ஏலாது" என்றார் அக்கா.

பிறகு நிமிர்ந்து நின்று ஜெர்மனில் கதையைத் தொடங்கினார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தங்கள் சனம் சோதனைக்குப் போகும் பிள்ளைக்கு இந்த மீனைத்தான் காட்டுமாம். அது எத்தனை தரம் விழுந்தது என்று எந்தச் சாடியிலும் படம் கீறுவதில்லையாம்.

குசினி வாசலில் மகளின் குரல் கேட்டது. "விழுந்த மீன் திரும்பப் பாய்ஞ்சதோ அக்கா?"

"ஓம். பாயாட்டி ஆர் கீறுறது?"

அடுத்த தரம் மகள் சோதனை எழுதினாள், பாஸானாள். இன்று அவள் தாதி. எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மீன் கதை சொல்லாமல் மகள் தேநீர் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருந்து அக்கா பிழை பிடிப்பார். பிழை பிடிக்க அவர் வராத நாளில் எங்கள் வீட்டில் எவருக்கும் அந்தக் கதையைச் சரியாகச் சொல்ல வருவதில்லை.