மஞ்சள் வயரும் மாப்பிள்ளை எடுத்த வீடியோவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முழங்கால்களைப் பற்றி இப்போது எனக்கு அளவுக்கு மேல் தெரிந்துவிட்டது. இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

போன மாதம் பாப்பா உங்களிடமிருந்து ஒரு துணிப்பை நிறைய வீடியோ கேசட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தாள். வேலைக்குப் போகிற பெண்ணை இன்னும் பாப்பா என்கிறோம், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. பையை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். "அம்மா முகம் போட்டோல இருக்கு மாமா. குரல்தான் ஞாபகமே வரல. எவ்வளவு யோசிச்சாலும் வரல. இதுல இருக்குமா?" என் தங்கை இறந்தபோது உங்கள் மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. நான் என்ன சொல்வேன்? "இருக்கும்மா, கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துடறேன், கவலப்படாமப் போ" என்றேன். எடுத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நீங்கள் போட்டுப் பார்க்கவில்லை என்றும், சேர்த்துவைத்து ஒருநாள் ஆற அமரப் பார்க்கலாம் என்று இருந்ததாகவும், அதற்குள் அவள் போய்விட்டதாகவும் போனில் சொன்னீர்கள். அதற்குமேல் உங்களை நான் எதுவும் கேட்கவில்லை.

எந்தக் கருவி வாங்குவது என்று இணையத்தில் தேடினேன். வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்ததில் தலை கிறுகிறுத்தது. ஒரே கருவியை ஒருவர் அற்புதம் என்கிறார், அடுத்தவர் ஜன்னல் வழியாக வெளியே எறிந்ததாக எழுதுகிறார். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராகவே காலம் தள்ளியவன் நான். இயந்திரம் என்றால் பொய் சொல்லும் என்பது என் அனுபவம். ஆகவே பார்க்கவே அப்பாவியாக இருந்த ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தேன். விரல் நீளம்தான். ஒரு முனை கம்ப்யூட்டரில் சொருக வேண்டும், மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர்கள். அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், வேறொன்றும் விழவில்லை. கேசட்டை எங்கே போடுவது? அதிர்ந்துபோய்க் கடைக்குப் போன் செய்தால், "கேசட் போட்டு ஓட்டுற டெக்கு உங்ககிட்ட இருக்கணும் சார்" என்கிறார் ஒரு பெண்மணி. டெக் இருந்தால் நான் ஏனம்மா உங்களிடம் வருகிறேன் என்று கேட்டேன். டெக் இருப்பவர்கள்தான் வருவார்கள் என்றார்.

டெக் தேடி அலைந்த கதையைச் சொன்னால் கடிதம் கனத்துவிடும். கடைசியில் பழைய சாமான் கடையில், ஒரு கிழிந்த சோபாவுக்கு நான்காவது காலாக ஒன்று முட்டுக்கொடுத்துக் கிடந்தது. உருவி எடுத்துத் துடைத்துக் கொடுத்த கடைக்காரர், "உள்ள ஒரு கேசட் மாட்டிக்கிட்டிருக்கு சார். அது வெளிய வந்தாத்தான் இன்னொண்ணு போடலாம்" என்றார். "வராட்டா?" என்றேன். "வராட்டா அதையே பாத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான்." சோபா அவர் பின்னால் சாய்ந்தது. என் வீட்டுக்காரி அடுப்படி இடுக்கியால் அந்தக் கேசட்டை வெளியே எடுத்தாள். அது ஓர் அம்மாள் உடற்பயிற்சி சொல்லித்தரும் கேசட். சோதனைக்காக அதையே முதலில் ஓட்டினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அந்த அம்மாள் குனிந்தார், நிமிர்ந்தார், வாயை அசைத்தார். சத்தம் இல்லை. ஏனென்றால் மஞ்சள் வயரை மட்டும்தான் மாட்டியிருந்தேன். அது படத்துக்கு என்று எழுதியிருந்தது. சிவப்பையும் வெள்ளையையும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சோதிக்க வேண்டும், ஒன்று தேறிய பிறகுதான் அடுத்தது. எங்கள் துறையில் அதுதான் பழக்கம்.

அடுத்து நம் கேசட்டைப் போட்டேன். மாப்பிள்ளை, நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். திரை முழுக்கக் கால்கள். முகம் இல்லை, தோள் இல்லை, இடுப்புகூட இல்லை. செருப்புக் கால், ஷூ போட்ட கால், வெறும் கால், மேசைக் கால், ஒரு நாயின் நான்கு கால்கள். அடுத்த கேசட்டிலும் கால்கள். பிறந்தநாள் என்று நீங்கள் சீட்டு ஒட்டியிருந்ததில் ஒரு பலூன் மட்டும் தரையோடு தரையாக உருண்டு போனது. உடற்பயிற்சி அம்மாளைத் தலைமுதல் கால்வரை காட்டிய கருவி, நம் குடும்பத்துக்கு மட்டும் பாதிக்குக் கீழே காட்டினால் என்ன அர்த்தம்? ஆய்வாளர் வந்து நிற்கும்போது ஓர் எடை, அவர் தெரு முனை திரும்பியதும் வேறோர் எடை காட்டும் தராசுகளைப் பார்த்தவன் நான். இதுவும் அந்த ஜாதிதான் என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்ப எடுத்துவைத்தேன்.

இரண்டாவதாக, கம்ப்யூட்டரே தேவைப்படாமல் தானே பதிவு செய்துகொள்ளும் ஒரு பெட்டி வாங்கினேன். அதற்குச் சின்னத் திரையும் உண்டு. அதிலும் மஞ்சள் வயரை மட்டும் மாட்டினேன், சின்னச் சின்னக் கால்கள். மூன்றாவதாக, நடுங்கும் படத்தை நிலைநிறுத்தும் பெட்டி ஒன்று இருப்பதாகவும், விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் வாங்குவார்கள் என்றும் படித்து, அதையும் நடுவில் கோத்தேன். நிலைநிறுத்தியது, மறுக்கவில்லை. கால்கள் இப்போது மிகத் தெளிவாகத் தெரிந்தன. உங்கள் இடது செருப்பின் வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்ததுகூடத் தெரிந்தது. ஒரே ஒரு கேசட்டில் கொஞ்ச நேரம் முகங்கள் வந்தன. நீங்களும் என் தங்கையும் பாப்பாவும் வரிசையாக நிற்கிறீர்கள், அவ்வளவுதான், மறுபடி கால். அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு தடவை நேர்மையாக நடந்துகொள்வதும் கள்ளத் தராசின் குணம்தான்.

"குரலாவது வருதான்னு பாருங்களேன்" என்று வீட்டுக்காரி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குரல் வாயிலிருந்து வருவது, வாய் முகத்தில் இருப்பது, முகமே வராதபோது குரலை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நாளைக்குப் பாப்பா வருகிறாள். டிபன் வேண்டாம், அம்மா பேசினால் போதும் என்று போனில் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கேசட் பூராவும் பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொல்லிவிடப் போகிறேன். நீங்களும் அதையே சொல்லுங்கள். கருவிகள் எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டேன், வாங்கிய இடத்துக்கே போகட்டும். உங்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. தோள் வலிக்க அந்தக் கேமராவைச் சுமந்தீர்கள். குற்றம் முழுக்க இயந்திரங்களுடையது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். எல்லா நன்மையும் உங்களைத் தேடி வரட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மச்சான்

பி.கு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு வைத்துவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினால், வீட்டுக்குள் என் தங்கையின் குரல் கேட்கிறது. கையிலிருந்த பை கீழே விழுந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். நான் கட்டிவைத்ததைப் பிரித்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, சிவப்பையும் வெள்ளையையும் அதே நிற ஓட்டைகளில் சொருகிவிட்டு வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். "சும்மாத் தொங்குதேன்னு மாட்டினேங்க" என்றாள். அவள் கண்ணெல்லாம் ஈரம்.

திரையில் அதே கால்கள்தான். ஆனால் முதலில் உங்கள் குரல் வருகிறது: "ம், முடிஞ்சுது. அணைச்சாச்சு. எல்லாரும் போகலாம்." உடனே என் தங்கை: "அப்பாடா, இனிமே பேசலாமா? நீங்க கேமராவத் தூக்கினாலே எங்க வாய்க்கெல்லாம் பூட்டு." மாப்பிள்ளை, நீங்கள் அணைத்தேன் என்று நினைத்து அமுக்கியபோதெல்லாம் அது ஓட ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பிக்கிறேன் என்று அமுக்கியபோதெல்லாம் நின்றிருக்கிறது. வருஷக்கணக்கில் ஒரு தடவைகூடத் தவறாமல் தலைகீழாக அமுக்கியிருக்கிறீர்கள். நடுவில் நீங்கள் கேமராவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்ததெல்லாம்தான் படம். மூன்று இயந்திரங்களும் சத்தியவான்கள். குற்றம் முழுக்க உங்களுடையது.

முகம் வந்த அந்த ஒரே இடத்தையும் சத்தத்தோடு பார்த்தேன். அதை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். மூன்று பேரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்து நிற்கிறீர்கள், ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் ஒழுங்காக எடுத்திருந்தால் பை நிறைய அதுதான் இருந்திருக்கும்.

மறுநாள் பாப்பா வந்தாள். பூஞ்சை என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அவளை உட்காரவைத்து ஓட்டினோம். என்னைப் பற்றியும் வந்தது: "எங்கண்ணன் வரட்டும், கேக்கை வெட்டவே விடமாட்டாரு. மொதல்ல எடை சரியான்னு பாப்பாரு." அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பையும் கேட்டேன். அதை நேரில் பேசிக்கொள்வோம். அடுத்ததில் இரண்டு சின்னக் கால்கள் ஓடிவந்தன, செருப்பு இடம் வலம் மாறி. என் தங்கையின் கை கீழே இறங்கி வந்தது. "பாப்பா, நில்லு. மாத்திப் போட்டிருக்க பாரு. இந்தக் கால் இதுல. அந்தக் கால் அதுல. ஆங், இப்ப நட." பாப்பா தன் கால் இரண்டையும் நாற்காலிமேல் இழுத்து மடக்கிக்கொண்டாள். "இந்தக் குரல்தான் மாமா" என்றாள். நான் அழுதேன், சொல்வதற்கென்ன.

அப்போது கேசட்டில் உங்கள் குரல்: "எல்லாரும் ரெடியா? இங்க பாருங்க, ஆரம்பிக்கப் போறேன்." உங்கள் மகள் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்: "வேண்டாம்ப்பா. ஆரம்பிச்சுடாதீங்க."