வில்லங்கம் தீராத குக்கர்

எங்கள் விளாங்குடிக்கென்று இருந்த மொத்த ஜாக்கிரதையையும் ஒரே ஆள் எடுத்துக்கொண்டுவிட்டார். அதனால்தான் மற்றவர்கள் எல்லாம் ஹெல்மெட் இல்லாமல் திரிகிறோம். அந்த ஆளுக்குப் பெயர் பத்திரம். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் என்பதால் வந்த பெயர். யாரைப் பார்த்தாலும் "பத்திரம், பத்திரம்" என்று சொல்லி அனுப்புவதால் அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அவர் கீழ்வீடு, நான் மாடி. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். இந்த உறவுமுறையில் உள்ள வில்லங்கத்தை மட்டும் அவர் கவனித்ததே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வில்லங்கம் பார்ப்பார். சோழவந்தானிலிருந்து வெற்றிலை கொண்டுவருகிற அம்மாவிடம் ஒருநாள், எந்தக் கொடிக்கால், யார் கிள்ளியது, யாருக்காவது பேசி வைத்ததா என்று அடுக்கிக்கொண்டே போனார். "ஏய்யா, ஒனக்கு வெத்தலை வேணுமா, கொடியோட பூர்வீகம் வேணுமா?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போன அம்மா, அப்புறம் எங்கள் தெருவுக்கே வரவில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் கரண்டு குக்கர் வந்தது.

மதினிக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். அடுப்பு அனல், தாளிப்பு நெடி எதுவும் ஆகாது, டாக்டர் சொல்கிற வரை அடுப்படிப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. சமையல் அண்ணன் தலையில் விழுந்தது. அவருக்குக் காஸ் அடுப்பென்றால் பயம். கோயம்புத்தூரில் இருக்கிற மகள், பயப்படாமல் சமைக்கட்டும் என்று இதை வாங்கி அனுப்பிவிட்டாள். பாவம், நல்ல எண்ணம்தான்.

கூடவே வந்த புத்தகத்தில் இங்கிலீஷும் இந்தியும் மட்டும். "படி மாப்ள" என்று என்னை உட்காரவைத்தார். நான் படிக்கப் படிக்க, அவர் பத்திர நடையில் எழுதிக்கொண்டே வந்தார்.

"கிழக்கே மிக்சி, மேற்கே சன்னல், தெற்கே சுவர், மேலே அலமாரி ஏதுமற்ற வெட்டவெளி, இதற்குள்பட்ட மேற்படி குக்கரானது, சுவரில் உள்ள பிளக்கில் நேரடியாகச் சொருகப்பட வேண்டியது. எக்ஸ்டென்ஷன் ஒயர் வழியாக எவ்வித பாத்தியதையும் கிடையாது. உள் பாத்திரத்தின் வெளிப்புறம் ஈரமில்லாமல் துடைக்கப்பட வேண்டியது. பருப்பு வகையறா பாதிக்கு மேல் போகலாகாது. ஆவி அடங்கிக் குமிழ் கீழே இறங்குங்காறும், மூடியை எவரும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது."

எழுதி முடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, "சாட்சிக் கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன். என்ன ஏது என்று புரியாமல் போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று.

மறுநாள் பருப்பு சாதம். எல்லாம் சட்டப்படி நடந்தது. ரப்பர் வளையத்தை மூன்று தடவை தடவிப் பார்த்தார். பட்டனை அமுக்கினார். சின்னத் திரையில் 'ஆன்' என்று வந்தது. அப்படியே நின்றது.

"ஆன் பண்ணுனது நான்தான? அத எங்கிட்டயே எதுக்குச் சொல்லுது?"

"சூடேறுதுண்ணே. அப்புறமாத்தான் நிமிஷம் ஓடும்."

"சரி, விசில் எங்க?"

"இதுக்கு விசில் கெடையாது."

"விசில் இல்லாம வெந்துச்சுன்னு எப்பிடித் தெரியும்?"

"அதுவே தெரிஞ்சுக்கிரும்ணே."

"அதுக்குத் தெரிஞ்சாப் போதுமா? எனக்குத் தெரிய வேணாமா?"

திரையைப் பார்த்தேன். பன்னிரண்டு என்று வந்தது. பதினொன்று, பத்து... கடைசியில் சைபர். கீ கீ என்று சத்தம் கொடுத்தது. அப்பாடா என்று எழுந்தோம். திரையில் ஒன்று. அப்புறம் இரண்டு. மூன்று.

"மாப்ள! எறங்குன நம்பரு ஏறுது! மறுபடி மொதல்லருந்து வேகுதா?"

நான் புத்தகத்தைப் புரட்டினால் இந்திப் பக்கமாகவே வருகிறது. ஒருவழியாகக் கண்டுபிடித்து, "சூடு ஆறாம வச்சிருக்காம்ணே" என்றேன்.

"எத்தன நாளைக்கு?"

உள்ளறையிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு மதினி குரல் கொடுத்தார்: "வெந்துச்சா இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பசிக்குதுல்ல?"

அதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இங்கிலீஷ் படித்தவன் நான்தானே! மூடியைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. குமிழ் மேலே நின்றது, அதுதான் தடுக்கிறதோ என்னவோ என்று ஒரு ஸ்பூனை எடுத்து, குனிந்து, அதை அமுக்கப்போனேன்.

என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. அறுபது வயது ஆளுக்கு அம்புட்டு பலம் எங்கிருந்து வந்ததோ!

"விடு! சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே மீறுனா எப்பிடி? வில்லங்கம் இன்னும் தீரல!"

"அப்ப ஆவியத் தொறந்து விட்ருவோம்ணே."

அதற்குப் புத்தகத்தில் இடம் இருந்தது. என்னைக் கூடத்துக்குத் துரத்திவிட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, நீளக் கரண்டிக் காம்பால் வால்வைத் தள்ளினார். புஸ்ஸ்ஸென்று கிளம்பிய ஆவியோடு மஞ்சள் நுரையும் சேர்ந்து பீச்சி, மேலே தளத்தில் பட்டுச் சொட்டியது. அண்ணன் வால்வை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டார்.

"பருப்பு ஏன் வெளிய வருது?"

மறுபடி புத்தகம். பொங்குகிற சமாசாரம் என்றால் ஆவியைச் சட்டென்று விடக் கூடாது, தானாக அடங்க விட வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து அடுப்படியையே பார்த்தோம். இருபது நிமிஷம் போயிருக்கும், 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். குமிழ் விழுந்ததா, ஏதாவது உடைந்ததா என்று தெரியவில்லை. அண்ணன் மெதுவாகப் போய்ப் பார்த்தார். குமிழ் கீழே இறங்கியிருந்தது. வால்வை லேசாகத் தள்ளினார், ஒன்றும் வரவில்லை. மூடியைத் தனக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறந்தார்.

அப்போதும் ஒரு கொத்து ஆவி குப்பென்று கிளம்பிச் சுவரில் போய் மோதியது. அடங்கிய பிறகே இம்புட்டு என்றால்? ஸ்பூனோடு குனிந்த என் மூஞ்சியை நினைத்துப் பார்த்தேன்.

மதினி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு எங்க?" என்றார்.

"உப்பப் பத்தி அந்தப் புத்தகத்துல ஒரு வரி இல்ல" என்றார் அண்ணன்.

அதற்கப்புறம் தினமும் அவர்தான் சமையல். நேற்று நான் கீழே போனபோது, அடுப்படியில் அண்ணன் சுவரில் ஒட்டிய தாளைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதினி வாசற்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மக வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்பவே டாக்டரு சரின்னுட்டாரு தம்பி. அடுப்படிக்குப் போகலாமாம். பத்து நாளாச்சு. இவருகிட்டச் சொல்லிறாத."

நான் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன். எங்கேயாவது கண்ணில் பட்டுவிட்டால், அண்ணே, மதினியை ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க சமைக்கிறதப் பாக்க அதுக்கு அம்புட்டு ஆசை.