கத்தாழை டிரைவரும் கொதித்த இன்ஜினும்

எங்கள் அனுமந்தன்பட்டிப் பக்கத்தில் இன்ஜினோடு மல்லுக்கட்டித் தோற்காத ஒரே மனிதர் கத்தாழை டிரைவர்தான். ஜெயித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவர் பஸ் ஓட்டியவர் அல்ல. கிணற்று மேட்டில் எண்ணெய் இன்ஜின் ஓட்டியவர். இன்ஜின் தண்ணீரை இறைத்து உயரத் தொட்டியில் கொட்டும். அங்கிருந்து நீளக் குழாய் வழியாக ஒவ்வொருவர் நிலத்துக்கும் போகும். கடைக்கோடியில் என் வெற்றிலைக் கொடிக்கால். அண்ணன்மாரோடு சண்டை போட்டுப் பிரிந்து வந்து முதன்முதலாக நான் வைத்தது. அந்தக் கோடையில் எனக்கு வந்த தண்ணீரில் காக்கைகூடக் குளிக்காது. கொடி துவண்டது. அண்ணன்மார் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

டிரைவரிடம் போய் நின்றேன். குழாயில் ஓட்டையும் இல்லை, அடைப்பும் இல்லை. அதில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"தண்ணி நேரா ஓடல தம்பி. உள்ளுக்குள்ள சுத்திச் சுழண்டு குழாயோட ஒரசுது. வழுக்கிவிட்டா ஓடியாந்துரும்."

மறுநாள் வேலியோரத்தில் ஒரு கத்தாழை மிச்சமில்லை. உள்ளிருந்த வழவழச் சோற்றை வழித்துக் கரைத்து, வேட்டியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றினார். கட்டியிருந்த வேட்டி என்றுதான் ஊரில் பேச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், என் கொடிக்காலில் தண்ணீர் பாய்ந்து வந்து விழுந்தது.

இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரும் அதே தொட்டியிலிருந்துதான் போனது. அதில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம். கண் எரிச்சலுக்குக் கத்தாழை, வயிற்றுச் சூட்டுக்குக் கத்தாழை, இன்ஜினுக்கு மட்டும் குளுமை ஆகாதா என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இன்ஜினைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீரை அவர் கையில் பிடித்துப் பார்ப்பது வழக்கம். எப்போதும் சுடுவது, அன்று ஜில்லென்று இருந்தது. பூரித்துப்போய், பெற்ற பிள்ளையைத் தட்டுவதுபோல இன்ஜினைத் தட்டினார். உள்ளங்கை வெந்துபோயிற்று. அடுத்த நிமிஷம் இன்ஜின் முக்கி நின்றது.

யுத்த காலம். ஸ்பேர் கிடைக்காது. நிலக்காரர்கள் கூடி நின்று வைதார்கள்.

"அண்ணே, வேற ஆளப் பாக்கப் போறாகளாம்," என்றேன்.

அவர் வெந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு உள்ளயே நின்னுபோச்சு தம்பி, அதான் தண்ணி ஜில்லுன்னு வந்துருக்கு. ஒரசாத தண்ணி ஓடும், சூட்ட வாங்காது. குழாய்க்குக் கத்தாழை, இன்ஜினுக்குப் பச்சத்தண்ணி. மூணு நாள் விடச் சொல்லு. அப்பவும் ஓடலேன்னா நானே போயிர்றேன்."

இன்ஜினைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். பக்கத்தில் ஒரு பீப்பாயை வைத்து, அதிலிருந்து இன்ஜினுக்குத் தனிக் குழாய் விட்டார். அந்தப் பீப்பாய்க்குக் கட்டுப்போட்ட கையோடு கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக அவரே சுமந்தார். நான் தூக்கப் போனால், உன் கொடியைப் போய்ப் பார் என்று விரட்டினார். மூன்றாம் நாள் இன்ஜின் நிற்காமல் ஓடியது, என் கொடி நிமிர்ந்தது. நிலக்காரர்கள் வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டார்கள்.

முதல் கிள்ளு வெற்றிலையை அவரிடம்தான் கொண்டுபோனேன். கை மடங்காததால் நானே சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் வைத்தேன். காரம் பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இன்னொன்று கேட்டார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்மார் மூன்று பேர். யாராவது கேட்டால் நான் நாலு என்றுதான் சொல்வேன்.